பழைய வீட்டு மரத்தில் மூன்று மேட்டுப்பாத்திகள்: தக்கலைப் பக்கத்து நிகழ்வு ஆய்வு

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்கும் இரணியலுக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூரில், பணி ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருவரின் வீட்டுப் பின்புறத்தில், பிரித்த ஓட்டு வீட்டின் மரங்களைக் கொண்டு 2023 கோடையில் மூன்று மேட்டுப்பாத்திகள், அதாவது நாற்புறமும் பலகை அடைத்து மண் நிரப்பிய உயரமான பாத்திகள், கட்டப்பட்டன. மரத்தைத் தரம் பிரித்ததிலிருந்து, இரண்டு ஆண்டு மழைக்குப் பிறகு பலகைகளைக் கழற்றிப் பார்த்தது வரை உடனிருந்தவன் என்ற முறையில் இந்த ஆய்வை எழுதுகிறேன். பழைய மரத்தில் பாத்தி கட்டுவது பற்றிய பேச்சு நம் ஊரில் பெரும்பாலும் "நல்ல மரமா?" என்ற கேள்வியோடு முடிந்துவிடுகிறது. இங்கே பலகையின் ஆயுளை முடிவு செய்ததில் மரத்தின் சாதிக்கு ஒரு பங்கு உண்டு. அதைவிடப் பெரிய பங்கு, அந்த மரம் இதற்கு முன் எங்கே, எந்தப் பூச்சோடு இருந்தது என்பதற்கும், அதன்மேல் படும் தண்ணீர் எவ்வழியே வெளியேறுகிறது என்பதற்கும் இருந்தது.

இடமும் தேவையும்

மனை, ஒரு காலத்தில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரு போகம் நெல் விளைந்த வயலை மண்ணடித்து நிரப்பியது. மேலே லாரியில் வந்த சரல்மண். அடியில் பழைய வயலின் களி. வீடு கட்டிய காலத்தில் வண்டிச் சக்கரங்கள் ஏறி மேல்மண் இறுகிவிட்டதால், இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை பிடித்ததும் பின்முற்றத்தில் தண்ணீர் தேங்கும். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு மழைத் தண்ணீர் வடிவதற்குள் அடுத்த மழை வந்துவிடும். தமிழ்நாட்டின் பெரும்பாலான மாவட்டங்கள் வடகிழக்குப் பருவமழையையே பெரிதும் நம்பியிருக்க, கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கும் வடகிழக்கும் கிடைக்கின்றன. ஆண்டில் இருமுறை ஊறி, இடையிடையே வெயிலில் காய்வது மரத்துக்கு எளிதான வாழ்க்கை அல்ல.

தரையில் நட்ட மிளகாயும் கத்தரியும் மழைதோறும் வேர் அழுகிச் சாய்ந்தன. ஆசிரியைக்கு முழங்கால் வலி. குந்தியிருந்து களை பறிக்க முடியாது. இந்த இரண்டு குறைகளும் சேர்ந்துதான் பாத்தியின் உயரத்தைத் தீர்மானித்தன. வடிகாலுக்கு மட்டும் என்றால் 9 அங்குலம் போதும். விளிம்பில் உட்கார்ந்து வேலை செய்ய 16 அங்குலமாவது வேண்டும். அகலம் 4 அடி. ஒருவர் ஒரு பக்கத்தில் உட்கார்ந்து கை நீட்டினால் எட்டும் தொலைவு சுமார் 2 அடி என்பதால், பாத்திக்குள் காலை வைக்காமல் இரு பக்கத்திலிருந்தும் நடுவரை எட்டலாம். மண்ணை மிதிக்காமல் இருப்பதில்தான் மேட்டுப்பாத்தியின் பயன் பாதி இருக்கிறது. நீளம் 8 அடி என்று வைத்ததற்குக் கிடைத்த பலகையின் நீளத்தைத் தவிர வேறு காரணம் இல்லை.

திசை பற்றி ஒரு வார்த்தை. குளிர்நாட்டு நூல்கள் பாத்தியை வடக்குத் தெற்காக வைக்கும்படி வற்புறுத்துகின்றன. ஏறத்தாழ 8 பாகை வட அட்சத்தில், சூரியன் ஆண்டில் சில மாதங்கள் வடக்கே சாய்ந்தும் மற்ற மாதங்கள் தெற்கே சாய்ந்தும் உச்சியை ஒட்டியே செல்லும் நம் ஊரில், அதற்கு அவ்வளவு பொருள் இல்லை. இங்கே கவனிக்க வேண்டியது மேற்கிலிருந்து காற்றோடு வந்து அடிக்கும் மழை. ஆகவே, இருந்த மரத்தில் சிறந்ததை மேற்குப் பக்கத்துக்கு ஒதுக்குவது என்று தொடக்கத்திலேயே முடிவாயிற்று.

மரத்தைப் பிரித்தெடுத்தல்

பழைய வீட்டின் பின்கட்டைப் பிரித்தபோது கிடைத்தவை: அயனி மரத்தில் செய்த கழுக்கோல்கள் (கூரைச் சட்டங்கள்), பலா மச்சுப் பலகைகள், அடுக்களைக் கூரையில் இருந்த பனங்கைகள், பச்சைப் பெயின்ட் அடித்த கதவுகளும் ஜன்னல்களும். இவற்றோடு, 2017 நவம்பர் இறுதியில் ஓகி புயலில் சாய்ந்த சொந்த ரப்பர் மரங்களை அப்போதே மில்லில் கொடுத்து அறுத்து வாங்கிய பலகைகள் கொட்டகையில் கிடந்தன. புது வீட்டுக் காங்கிரீட்டில் மிஞ்சிய சென்ட்ரிங் பலகைகளும் இருந்தன. உறவினர் ஒருவர் டைல்ஸ் கடையிலிருந்து பாலெட்டுகள் வாங்கித் தருவதாகச் சொன்னார். இன்னொருவர் பழைய ரயில்வே ஸ்லீப்பர் கட்டை கிடைக்கும், அதற்கு ஈடு கிடையாது என்றார்.

முதலில் ஒதுக்கியது ஸ்லீப்பரை. மரத்தாலான தண்டவாளக் கட்டைகள் மட்காமல் இருப்பதற்காக, நிலக்கரித் தாரிலிருந்து வடிக்கும் கிரியோசோட் எண்ணெய் அழுத்தத்தில் ஏற்றப்பட்டவை. அவற்றின் ஆயுளுக்குக் காரணமான அந்த எண்ணெயில்தான் புற்றுநோய் உண்டாக்கும் பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் இருக்கின்றன. வெயில் நேரத்தில் கட்டையிலிருந்து கறுப்பாகக் கசிவதும் தார் வாடை அடிப்பதுமே அடையாளம். தோட்டத்து வேலிக்கோ படிக்கட்டுக்கோ அதை வைப்பவர்கள் இருக்கலாம். கீரை முளைக்கும் மண்ணைத் தொட்டுக்கொண்டு அது இருக்கக் கூடாது. தாமிரம், குரோமியம், ஆர்செனிக் ஆகியவை ஏற்றிய மரத்துக்கும் இதே விதி. அமெரிக்காவில் 2003 முடிவோடு பெரும்பாலான வீட்டுப் பயன்பாடுகளிலிருந்து விலக்கப்பட்ட மரக்காப்பு முறை அது. நம்மிடம் பழைய மின்கம்பங்களிலும் குளிர்விப்புக் கோபுரத்துச் சட்டங்களிலும் அந்த மரம் கைக்கு வரலாம். அறுத்த முகத்தில் லேசான பச்சை ஓடியிருக்கும்.

கதவு, ஜன்னல்கள் நல்ல தேக்கு. அவற்றை ஒதுக்கிவிடச் சொன்னபோதுதான் வீட்டில் மனத்தாங்கல் வந்தது. இந்தியாவில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தின் அளவைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மிகாமல் கட்டுப்படுத்தும் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பச்சை, மஞ்சள், சிவப்புப் பெயின்ட்டுகளில் ஈயம் இருக்கும் என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு. இழைத்துவிட்டால் சரியாகுமே என்று கேட்கலாம். இழைக்கும்போது பறக்கும் தூளை வேலை செய்பவர் சுவாசிப்பார். மிச்சம் முற்றத்து மண்ணில் விழும். பிறகு எதற்கு இந்த வேலை? கதவுகளைக் கதவாகவே பயன்படுத்துபவரிடம் கொடுப்பது என்று முடிந்தது.

ரப்பர் பலகையைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. மாவுச்சத்து மிகுந்த அந்த மரம், அறுத்த சில வாரங்களுக்குள் போரான் கரைசல் ஏற்றாவிட்டால் நீலம் பூத்து, துளைவண்டு விழுந்து, மாவாக உதிரும். கொட்டகையில் இருந்த பலகைகளைத் தட்டினாலே வெள்ளைத் தூள் கொட்டியது. அடுப்புக்குப் போயிற்று. போரான் ஏற்றிய ரப்பர் மரமும் பாத்திக்கு ஆகாது என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: போரான் உப்புகள் நீரில் கரைந்து மழையோடு வெளியேறிவிடும், மரம் காவல் இழக்கும், போரான் மிகுந்த மண்ணில் செடியின் இலை நுனி கருகும்.

சென்ட்ரிங் பலகைகளில் சிமென்ட் பால் ஒட்டியிருந்ததோடு, பிடிக்காமல் கழல்வதற்காகத் தடவிய பழைய எஞ்சின் ஆயிலும் ஊறியிருந்தது. கறையானுக்குக் கரி ஆயில் அடிப்பது நம் ஊர்ப் பழக்கம். வேலிக் கம்புக்கு அடிப்பவர் அதையே பாத்திப் பலகைக்கும் அடிக்கிறார். ஓடிய எஞ்சினின் உலோகத் துகளும் எரிந்த எண்ணெயின் கசடும் கலந்த ஒன்றை உண்ணும் காய்க்கு அருகில் கொண்டுவருவதை நான் எந்த நிலையிலும் ஏற்கமாட்டேன்.

பாலெட் விஷயத்தில் முத்திரையைப் பார்க்க வேண்டும். நாடு விட்டு நாடு செல்லும் பாலெட்டில் கோதுமைக் கதிர்ப் படத்தோடு ஒரு சூட்டு முத்திரை இருக்கும்; அதில் ‘ஹெச்.டி.’ என்றிருந்தால் மரத்தின் உட்பகுதி 56 பாகை செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டது என்று பொருள், ‘எம்.பி.’ என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகை காட்டியது என்று பொருள். முதலாவதை எடுக்கலாம், இரண்டாவதை விட்டுவிட வேண்டும். உள்நாட்டுப் பாலெட்டில் முத்திரையே இருக்காது; அதன்மேல் என்ன கொட்டியது என்பதற்கும் சாட்சி இல்லை. எங்களுக்குக் காட்டப்பட்டவை அந்த வகை என்பதால் வாங்கவில்லை.

எஞ்சியவை அயனி, பலா, பனை. ஊரில் மர வேலையில் தேர்ந்த ஆசாரி ஒருவர், கழுக்கோல்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, உளி முனையால் குத்திப் பார்த்துப் பிரித்தார். "டீச்சரே, வைரம் மட்டும் எடுப்போம். வெள்ளை ஒரு விரக்கடை கூட வந்தாலும் மண்ணு அதைத்தான் மொதல்ல திங்கும்" என்றார். வைரம் பாய்ந்த உட்பகுதியில் மரம் தானே சேர்த்துவைத்த கசப்புப் பொருள்கள் பூஞ்சையையும் கறையானையும் தடுக்கின்றன. வெளிச்சுற்றான வெள்ளையில் அவை இல்லை, உணவு மட்டும் இருக்கிறது. அயனியும் பலாவும் ஒரே குடும்பம், ஒரே பேரினம். இரண்டின் வைரமும் மஞ்சளோடிய பழுப்பு, வெள்ளை வெளிறிய நிறம் என்பதால் புதிதாக இழைத்த முகத்தில் பிரித்தறிவது எளிது. படகு கட்ட அயனியை விரும்பியதற்கும் அதன் வைரமே காரணம்.

பலாவின் பெருமைக்கு ஊரில் எல்லாரும் காட்டும் சாட்சி, பக்கத்திலுள்ள பத்மநாபபுரம் அரண்மனையின் தாய்க் கொட்டாரத்தில் ஒற்றைப் பலாமரத்தில் செதுக்கி நிறுத்திய தூண். சாட்சி உண்மை, வழக்குக்குப் பொருந்தாது. அந்தத் தூண் கூரைக்கு அடியில், கல் மேல், காற்றோட்டத்தில் நிற்கிறது. மரத்தின் ஈரம் நூற்றுக்கு 20 பங்குக்குக் கீழே இருக்கும்வரை மட்க வைக்கும் பூஞ்சை வளராது. அதே பலாவை ஈரமண்ணில் சாய்த்தால் நூற்றாண்டுக் கணக்கு ஆண்டுக் கணக்காகச் சுருங்கிவிடும்.

பனங்கைகளுக்கு வேறு கணக்கு. பனையில் வைரம் வெளிப்புறத்தில் கறுத்த நாராக இருக்கும், நடுவே சோறு. கூரைக்குப் பிளந்த பனங்கையின் ஒரு முகம் இரும்பு, மறுமுகம் பஞ்சு. ஆசாரி வாச்சியால் சோற்றுப் பகுதியைக் கறுப்பு நார் தெரியும்வரை செதுக்கி எறிந்தார். அடுக்களைக் கூரையில் பல காலம் விறகுப் புகையில் இருந்த பனங்கைகளின் மேல் கரி பளபளவென்று ஒட்டியிருந்தது. அதைக் கம்பித் தூரிகையால் தேய்த்துக் கழுவினோம். மச்சுப் பலகைகள் சிலவற்றின் கீழ்முகம் மட்டும் கருந்தவிட்டு நிறத்தில் பிசுபிசுத்தது. முந்திரி ஓட்டு எண்ணெய் பூசிய தடம். முந்திரி ஆலைகள் மிகுந்த இந்த மாவட்டத்தில் கறையானுக்கு அதைப் பூசுவது பழைய வழக்கம். தோலில் பட்டால் கொப்புளம் எழுப்பும் எண்ணெய் அது. காய்ந்து கெட்டியான பூச்சு அவ்வளவு கெடுதல் செய்யாது என்றாலும், அந்த முகத்தை வெளிப்புறமாகத் திருப்பி வைத்தோம்.

ஆணியும் மூலையும்

பழைய மரத்தை மில்லில் அறுக்கக் கொடுத்தால் பெரும்பாலும் திருப்பி அனுப்புவார்கள். உள்ளே முறிந்து நிற்கும் ஒரு ஆணி போதும், அறுவைப் பட்டையின் பல் போய்விடும். ஆகவே பலகை முழுவதும் காந்தத்தை நகர்த்தி, அது இழுத்த இடங்களில் சாக்பீஸால் குறியிட்டு, பிடுங்கக்கூடியதைப் பிடுங்கி, முறிந்ததைச் சுற்றி உளியால் தோண்டி எடுத்த பிறகே வாள் வைக்கப்பட்டது. வேலையில் பாதிப் பொழுது இதற்கே போயிற்று. பழைய ஆணித் துளைகளில் தண்ணீர் இறங்காதிருக்க அதே மரத்தின் முளை அடித்து அடைத்தார் ஆசாரி.

பாத்தியின் அடித்தளம் எளிது. பழைய வீட்டின் உடைந்த ஓடுகளை நொறுக்கி, இரண்டு அங்குலத்துக்குப் பரப்பி, அதன்மேல் செம்பாறாங்கல் துண்டுகளை மூன்று அடிக்கு ஒன்றாக வைத்து, பலகையின் அடி விளிம்பு அந்தக் கற்களில் அமருமாறு செய்யப்பட்டது. மரம் நிலத்தைத் தொடவில்லை; தேங்கும் நீரும் மண்ணுக்கடியிலிருந்து ஏறும் கறையானும் நேரே பலகையை அடைய வழியில்லை. கறையான் கல்லின் மேல் மண்பாதை கட்டிக்கொண்டு ஏறத்தான் செய்யும். ஏறினால் கண்ணில் படும், தட்டிவிடலாம் என்பதே பலன்.

மண்ணின் தள்ளுவிசையைப் பலர் குறைவாக எண்ணுகிறார்கள். 16 அங்குல உயரத்துக்கு ஈரமண் நிரம்பினால், ஒரு மீட்டர் நீளப் பலகையை அது வெளிப்புறமாகத் தள்ளும் விசை சுமார் 70 கிலோ எடைக்குச் சமம். வடிகால் அடைத்து நீர் நிரம்பி நின்றால் இது ஒன்றரை மடங்காகும். 8 அடி நீளத்துக்கு நடுவில் பிடிமானம் இல்லாவிட்டால் ஒரு அங்குலப் பலகை ஒரு மழைக்காலத்திலேயே வயிறு தள்ளிவிடும். எனவே நீளப் பக்கங்களின் நடுவே, உட்புறமாக ஒரு கழுக்கோல் துண்டை நிறுத்தி, எதிரெதிர்த் துண்டுகளை மண்ணுக்குள் மறையும்படி ஒரு பனங்கையால் குறுக்கே பிணைத்தோம்.

மூலை இணைப்பில் ஆசாரிக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு. ஒரு மரத்தின் முனையைக் கழுந்தாகச் செதுக்கி மற்றதன் துளைக்குள் இறுக்கினால்தான் வேலை, திருகாணி முடுக்குவது வேலையே அல்ல என்பது அவர் கட்சி. கூரைக்குக் கீழே நிற்கும் மரத்துக்கு அது முழு உண்மை. மழையில் நிற்கும் மரத்தில், இறுக்கமான பொருத்துக்குள் புகுந்த நீருக்கு வெளியேற வழியில்லை. அதோடு, மரத்தின் வெட்டுமுனை தண்ணீரைப் பக்கவாட்டு முகத்தைவிடப் பல மடங்கு விரைவாக உறிஞ்சும், அந்த முனைதான் துளைக்குள் போய் உட்காருகிறது. இறுதியில் இரண்டு பாத்திகளின் மூலைகளுக்கு, உட்புறம் இரண்டரை அங்குலச் சதுரக் கட்டை நிறுத்தி, பலகைகளை வெளியிலிருந்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகாணியால் முடுக்கி, பலகை முனைகளுக்கு இடையே ஒரு நெல்மணி அகலத்துக்கு இடைவெளி விட்டோம். மூன்றாவது பாத்தி ஆசாரியின் விருப்பப்படி கழுந்து வைத்துக் கட்டப்பட்டது. இரும்பு ஆணியைத் தவிர்த்ததற்குக் காரணம் துரு மட்டும் அல்ல. இத்தகைய மரங்களின் துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் ஆணியைச் சுற்றிலும் மரம் கறுத்துப் பிடிப்பு விட்டுப்போகும். கடற்காற்று எட்டும் இடத்தில் அது இன்னும் விரைவாக நடக்கும்.

மேல் விளிம்பில் ஐந்து அங்குல அகலப் பலகையை, வெளிப்புறம் சற்றுச் சரிந்திருக்கும்படி மூடியாகப் பதித்தோம். ஆசிரியை உட்காருவதற்கென்று வைத்தது அது. மரத்துக்கு அதுவே குடையாகவும் ஆயிற்று. வெட்டுமுனைகள் அனைத்துக்கும் ஆளிவிதை எண்ணெயைச் சூடாக்கித் தேன்மெழுகு கலந்து இரண்டு பூச்சு. கடையில் ‘காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய்’ என்று விற்பதில் விரைந்து காய்வதற்கான உலோக உப்புகள் கலந்திருக்கக்கூடும் என்பதால் எதுவும் கலக்காத பச்சை எண்ணெய்தான் வாங்கப்பட்டது.

உட்புறம்

பலகைக்கும் மண்ணுக்கும் இடையே பாலித்தீன் விரிக்க வேண்டுமா என்பது தீராத வழக்கு. எனவே மூன்றையும் மூன்று விதமாகச் செய்தோம். முதல் பாத்தியில் சில்பாலின் என்ற பாலித்தீன் விரிப்பைப் பலகையோடு ஒட்டி அடித்தோம். இரண்டாவதில் பலகையின் உட்புறம் அரை அங்குல ரீப்பர்களை (மெல்லிய மரச் சட்டங்களை) செங்குத்தாக அறைந்து, விரிப்பை அந்த ரீப்பர்கள் மேல் பதித்தோம். பலகைக்கும் விரிப்புக்கும் நடுவே காற்று ஓடும், உள்ளே போகும் நீர் கீழே இறங்கிவிடும். மூன்றாவதில் விரிப்பே இல்லை. அடிப்பகுதியை எதிலும் மூடவில்லை. மூடினால் அது பாத்தியாக இராது, தொட்டியாகிவிடும். மரங்கள் வெவ்வேறாக இருக்கையில் ஒப்பீடு செல்லாதே என்ற ஐயம் நியாயமானது. முதல் பாத்தி பெரும்பாலும் பலா, இரண்டாவது அயனி, மூன்றாவது பலாவும் பனங்கையும் கலந்தது. அதற்காகவே, ஒரே மச்சிலிருந்து எடுத்த பலாப் பலகைகளில் ஒவ்வொன்றை மூன்று பாத்திகளின் மேற்குப் பக்கத்திலும் வைத்தோம்.

நிரப்பிய மண்

8 அடி நீளம், 4 அடி அகலம், 16 அங்குல உயரம் என்றால் ஒரு பாத்திக்கு 42 கன அடிக்கு மேல் மண் வேண்டும். ஈரத்தோடு இரண்டு டன்னை நெருங்கும். குட்டியானை வண்டியில் ஒரே நடையில் வருவது அல்ல. மொத்தத்தையும் நல்ல மண்ணாக வாங்குவது வீண் என்பதால் அடியில் வாழைத்தடைத் துண்டும் சீமைக்கொன்றைத் தழையும் சருகும் போட்டு, மேலே ஒரு அடிக்குச் செம்மண் இரண்டு பங்கு, தொழுவுரம் ஒரு பங்கு, மட்கிய தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு என்று கலந்து நிரப்பினோம்.

நார்க்கழிவில் எச்சரிக்கை தேவை. காயலில் தொண்டு (தேங்காய் மட்டை) அழுகவைத்துக் கயிறு திரிக்கும் கரையோரங்களில் அது மலிவாகக் கிடைக்கும். மலிவுக்குக் காரணம் அதிலுள்ள உப்பு. மேலும், பச்சை நார்க்கழிவில் கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் நூற்றுக்கு ஒன்றுக்கும் மேல். அதை அப்படியே கலந்தால், அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தாங்கள் எடுத்துக்கொள்ள, செடி மஞ்சளித்து நிற்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் முறையில், சிப்பிக்காளான் வித்தும் யூரியாவும் அடுக்கடுக்காக இட்டு ஈரம் காத்து மட்கவைத்தால், அந்த விகிதம் ஏறத்தாழ 24-க்கு ஒன்றாகக் குறையும். ஆசிரியை நார்க்கழிவைச் சாக்கில் கட்டிக் கிணற்று நீரில் அலசி, கலங்கிய செந்நீர் வெளிறும்வரை வடித்த பிறகே மட்கவைத்தார். இந்தச் செம்மண் புளிப்புத் தன்மை உடையது என்பதால் டோலமைட் தூளும் சிறிது கலக்கப்பட்டது.

பயிர் பற்றிச் சுருக்கமாக: தண்டுக்கீரை, வெண்டை, கத்தரி, காந்தாரி மிளகாய், இஞ்சி. மரச்சீனியை (மரவள்ளி) பாத்தியில் நட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அதன் கிழங்கு பருத்துப் பலகையைத் தள்ளும். தவிர, எந்தத் தோட்டத்து மண்ணிலும் விளையும் பயிருக்கு இவ்வளவு பாடுபட்ட மண் எதற்கு? முதல் தீபாவளிக்குள் மண் மூன்று விரற்கடைக்கு மேல் இறங்கியிருந்தது. அடியிலிட்ட தழை மட்கினால் அப்படித்தான். தொழுவுரம் இட்டு நிரப்பினார்கள்.

கழற்றிப் பார்த்தபோது

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களைப் புரட்டிய பெருமழையில் முற்றத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. பாத்திகள் நகரவில்லை, மண்ணும் கரைந்து ஓடவில்லை. மூன்றாவது பாத்தியின் கிழக்குப் பலகை மட்டும் சற்றே வளைந்தது. அங்கே நடுவிலிருந்த குறுக்குப் பிணைப்பைச் சேம்பு நடுவதற்காக வீட்டிலிருந்தவர்கள் அகற்றியிருந்தார்கள்.

முறையான பரிசோதனை 2025 மாசியில், இரண்டாம் ஆண்டு மழையும் ஓய்ந்த பிறகு நடந்தது. திருகாணிகள் வெளிப்புறத்தில் இருந்ததால், மண்ணைக் கிளறாமல் மேற்குப் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்ற முடிந்தது. முதல் பாத்தியின் பலாப் பலகை வெளியே பார்வைக்குப் புதிதுபோல் இருந்தது. உட்புறம், விரிப்பைப் பிடித்த ஸ்டேப்பிள் துளைகள் வழியே புகுந்த நீர் பலகைக்கும் பாலித்தீனுக்கும் நடுவே சிக்கி, முகம் முழுவதும் கறுத்து, உளி முனை இரண்டு நெல்மணி ஆழத்துக்கு மெத்தென்று இறங்கியது. விரிப்பு போட்டதே நீரைச் சிறைப்பிடித்திருக்கிறது. இரண்டாவது பாத்தியின் பலாப் பலகையில் ரீப்பர் தொட்ட கோடுகள் மட்டும் நிறம் மாறியிருந்தன. மற்ற இடங்களில் உளி இறங்கவில்லை, தட்டினால் ஓசை கணீரென்றது. அயனிப் பலகைகளும் அவ்வாறே.

விரிப்பே இல்லாத மூன்றாவது பாத்தியில் நான் எதிர்பார்த்த அளவு சேதம் இல்லை. அதன் பலாப் பலகையின் வைரப் பகுதி முதல் பாத்தியின் பலகையைவிட நல்ல நிலையில் இருந்தது, ஏனெனில் மண்ணோடு நனைந்த பலகை மண் காயும்போது தானும் காய்ந்திருக்கிறது. ஆனால் ஓரமாகத் தப்பி வந்திருந்த ஒரு வெள்ளைப் பட்டை, விரல் அகலத்துக்கு, அடி முதல் நுனி வரை இல்லாமலே போயிருந்தது. அந்த இடத்தில் கறையானின் மண் மட்டும் பலகை வடிவில் நின்றது. ஆசாரி விரலை அந்தப் பள்ளத்தில் வைத்து அளந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

கழுந்து வைத்த மூலைகளில் இரண்டு உறுதியாக இருந்தன. மழை நேராக அடிக்கும் தென்மேற்கு மூலையில் கழுந்து மட்கி, கையால் இழுத்ததும் வந்துவிட்டது. வடமேற்கு மூலையில் துளையின் சுவர் பிளந்திருந்தது. திருகாணி முடுக்கிய மற்ற இரு பாத்திகளின் எட்டு மூலைகளிலும் இப்படி எதுவும் இல்லை. "கூரைக்கு வச்ச கணக்கை மழைக்கு வைக்கப்படாதுன்னு இப்பம் தெரியுது" என்றபடியே அந்த இரு மூலைகளுக்கும் கட்டை அறுக்கத் தொடங்கினார். பனங்கை விஷயத்தில் அவர் சொன்னதே நின்றது: சோறு செதுக்கிய பனங்கைகள், மண்ணுக்குள்ளேயே இருந்த குறுக்குப் பிணைப்புகள் உட்பட, வாளுக்கு இன்னமும் இடம் கொடுக்கவில்லை.

மூடிப் பலகைகளில் வெயிலால் நீளவாக்கில் சில வெடிப்புகள் விழுந்திருந்தன. ஆண்டுக்கு ஒருமுறை, தென்மேற்கு மழைக்கு முன் எண்ணெய் பூசச் சொல்லியிருந்தோம். பூசிய பாத்தியில் வெடிப்புகள் நூல் அளவு, பூச மறந்த பாத்தியில் நகம் நுழையும் அளவு. முதல் பாத்தியின் ஒட்டிய விரிப்பைக் கழற்றி, இரண்டாவதைப் போல ரீப்பர் அடித்து மறுபடி பதிப்பது, மூன்றாவதை விரிப்பில்லாமலே விட்டு அதன் வெள்ளை ஓடிய பலகையை மட்டும் மாற்றுவது என்று முடிவு செய்யப்பட்டது. மாற்றுப் பலகைக்கு வெளியில் மரம் வாங்கவில்லை. மச்சிலிருந்து எடுத்த பலாவில் இரண்டு பலகைகள் கொட்டகையில் மீதமிருந்தன. அவற்றில் ஒன்றின் ஓரத்து வெள்ளையை முழுவதும் சீவியபோது அகலம் ஒன்றேகால் அங்குலம் குறைந்தது. குறைந்த அகலத்துக்கு ஒரு பனங்கைத் துண்டைக் கீழே சேர்த்துப் பொருத்தி, அந்தப் பக்கத்தை மூடினார்கள்.